ஒரு சாண் பள்ளம்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில், கிளுவை வேலி போட்ட அந்தத் தோட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் சிவபிரகாஷின் ரிக் வண்டி ஆரன் அடிக்கும். நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. அந்தச் சத்தம் கேட்டால் போதும், வீட்டுக்குள் எந்த மூலையில் கிடந்தாலும் மோனிஷாவுக்குக் கண் இரண்டும் விரிந்துவிடும்.

"அம்மா, அப்பா வண்டி!"

தேவிப்ரியா வேலியோரம் ஓடுவாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையை இன்னும் எத்தனை நாளைக்கு இடுப்பில் வைப்பது? இப்போதெல்லாம் மோனிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருவாள். முட்டி இரண்டும் மடங்கி, தொடை ஒன்றோடொன்று உரச, நுனிக்காலில், குந்தப் போனவள் பாதியில் நின்றாற்போல ஒரு நடை. அவள் உயரத்துக்கு வேலியின் இலைதான் தெரியும், ரோடு தெரியாது.

"அப்பா கை ஆட்டறாராம்மா?"

"ஆட்டறாரு சாமி. சன்னல்ல பாதி ஒடம்ப வெளிய நீட்டி ஆட்டறாரு."

சுத்தப் பொய். சிவபிரகாஷ் ஒருநாளும் கை ஆட்டியதில்லை. ஆரன் அடிப்பதோடு சரி. வேலிக்கு மேலே அவனுக்குத் தெரிவது தேவிப்ரியாவின் தலை மட்டும்தான். கட்டிய பெண்டாட்டிக்கு நடுரோட்டில் கை ஆட்டுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எவனுக்கு இருக்கிறது? கூட வருகிற பையன்கள் சிரித்தே கொன்றுவிடுவார்கள். வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், சத்தீஸ்கரோ மத்தியப்பிரதேசமோ, எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே போர் போட. மழை பிடித்து அங்கே வேலை நின்றால்தான் ஊர் திரும்பும். அதுவரை அந்தத் தோட்டத்து வீட்டில் தாயும் மகளும்தான். அடுத்த வீடு என்பது கடலைக்காட்டுக்கு அக்கட்டால இருக்கிற சிவபிரகாஷின் அண்ணன் காளியண்ணன் வீடு. அங்கேயும் பேச்சுத்துணை என்று ஒன்று இருந்ததென்றால் காளியண்ணனின் மனைவி மஞ்சுளாதான். அந்தத் துணைக்குத் தனியாகவே இருந்துவிடலாம்.

மோனிஷா பிறந்ததும் அழவில்லை. அழ வைப்பதற்குள் மூளையில் ஏதோ ஒரு மூலைக்குக் காற்றுப் போகாமல் போயிற்று. சி.பி. என்று டாக்டர்கள் இரண்டெழுத்தில் சொல்லிவிட்டார்கள். புத்தியில் ஒரு குறையும் இல்லை. நாக்குக் கொஞ்சம் இழுக்கும், ஆனால் பேச ஆரம்பித்தாளென்றால் மஞ்சுளாவின் வாயையே அடைத்துவிடுவாள். கால்தான் இறுகிக்கொண்டே போனது. வளர வளரச் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். வளர வளர மோசமாகத்தான் ஆனது.

"எலும்பு வளருதும்மா, அந்த வேகத்துக்கு இறுகுன தசை வளரலை" என்றார் சேலத்து டாக்டர். "அதான் முட்டியைப் புடிச்சு இழுக்குது. தசையை அங்கங்க தளர்த்தி நீட்டி விடலாம். இப்ப விட்டுட்டீங்கன்னா, பெரியவளானப்புறம் சுவத்தைப் புடிச்சும் நடக்கறது கஷ்டம்."

சிவபிரகாஷ் அன்றைக்குக் கூட வந்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்துவிட்டான்.

"நடக்கற புள்ளைய எதுக்குப் புள்ள அறுக்கோணும்? சுவத்தைப் புடிச்சு நடக்கறவளுக்குக் கம்பி போட்டுக் குடுத்தா கம்பியப் புடிச்சு நடக்கறா. நடக்க நடக்கத் தானா நேராயிரும். இதுக்கு எதுக்குக் கத்தி?"

சொன்னதோடு நிற்கவில்லை. வாசலில் வெயில் படாத இடமாகப் பார்த்து நாலு குழி வெட்டினான். ரிக்கில் தேய்ந்து கழித்த ராடு நல்லதாக நாலைந்து கொண்டுவந்தான். "நில்லு சாமி" என்று மோனிஷாவை நடுவில் நிறுத்தி, அவள் கை எட்டுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்த உயரத்துக்கு வெட்டிப் பற்றவைத்து, குழிக்குள் இறக்கி, ஜல்லியும் சிமெண்டும் கொட்டி இறுக்கினான். போர் போடுகிறவன் பூமிக்குள் ஒன்றை இறக்கினால் அது அசையுமா? இரண்டு கைப்பிடிக் கம்பிகள், நடுவில் பிள்ளை போகிற அளவுக்குச் சந்து. பெயிண்ட்கூட மோனிஷா கேட்ட மஞ்சள்தான். தேவிப்ரியா அதையெல்லாம் நிலைப்படியில் நின்று பார்த்தாள். மனுசனுக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் பிள்ளையின் முட்டி கம்பிக்கு நடுவிலும் மடங்கித்தான் இருந்தது.

அவன் வண்டியேறிப் போனபிறகும் அந்தக் கம்பியில் மோனிஷா நடந்தாள். மழை முடிந்து பனி வந்தது. நேராகவில்லை. முட்டி இன்னும் உள்ளே போனது, சாயங்காலமானால் வலிக்கிறது என்று அழுதாள். தேவிப்ரியா போனில் சொன்னாள். எதிர்முனையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்ற இஷ்டம்" என்றான். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையக் கேக்காத."

இதற்குச் சம்மதம் என்று பேரா? சம்மதம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். வேறு வழி?

ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கெல்லாம் தூக்குப்போசியும் பிளாஸ்க்குமாக நாலு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா வரலைங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். வடக்கே இருக்கிறார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள் தேவிப்ரியா. பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போனபிறகு அந்தப் பெஞ்சில் தன் பக்கத்தில் பையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காலியாக இருந்தால் யாராவது வந்து உட்கார்ந்து, ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். தொடையின் உள்பக்கம், முட்டிக்குப் பின்னால், குதிகாலுக்கு மேலே என்று இரண்டு காலிலும் இறுக்கத்தைத் தளர்த்தி, மாவுக்கட்டுப் போட்டு, கால் இரண்டும் சேராமலிருக்க நடுவில் ஒரு கட்டையும் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டையோடு பிள்ளை காரில் நுழையவில்லை. காளியண்ணன் வேன் கொண்டுவந்தார். பாவம், நல்ல மனிதர், வாய் திறக்க வீட்டில் வாய்ப்பில்லாதவர்.

மஞ்சுளா பார்க்க வந்தாள். ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப்பழமும் வைத்துவிட்டு, மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"நடந்துட்டிருந்த புள்ளைய இப்படிப் படுக்க வெச்சிட்டியே ப்ரியா. தம்பிகிட்டக் கேட்டியா?"

"கேட்டேனுங்க்கா."

"கேட்டவ எதுக்குத் தனியாப் போயிப் பண்ணுன?"

மோனிஷா படுத்தபடியே, "பெரீம்மா, ஆர்லிக்ஸ் எனக்குங்களா, கட்டுக்குங்களா?" என்றாள். மஞ்சுளா அத்தோடு எழுந்து போய்விட்டாள்.

கட்டுப் பிரித்த அன்றுதான் தேவிப்ரியாவுக்கு உயிரே போனது. பிள்ளையால் நிற்க முடியவில்லை. நேராக நீட்டின கால், ஆனால் துணிபோலத் துவண்டது. டாக்டர் இதை முன்பே சொல்லித்தான் இருந்தார்: இத்தனை நாள் இறுக்கத்தை வைத்துத்தான் நின்றாள், இனிமேல் பலத்தை வைத்து நிற்கப் பழக வேண்டும், முதலில் பின்னால் போன மாதிரித்தான் தெரியும் என்று. சொன்னதைக் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. சுவரைப் பிடித்தாவது நடந்த பிள்ளை இப்போது தவழக்கூட யோசித்தது. கடலைக்காட்டைத் தாண்டி மஞ்சுளா வீட்டுக்கு இது எப்படியோ தெரிந்துபோனது, அங்கேயிருந்து ஊருக்கும்.

சேலத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற தீனதயாளன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி.

"ஆபரேசன் பாதிதானுங்கம்மா. மீதி உங்க கையில இருக்கு. நேரா நின்னு பழகணும். முட்டி மறுபடியும் மடங்கிப் பழகிருச்சுன்னு வைங்க, அறுத்தது அத்தனையும் வீணு. இந்த ஆறு மாசத்த விட்டுட்டா அப்புறம் புடிக்க முடியாது."

தேவிப்ரியா தலையாட்டினாள். இந்த ஒன்று தப்பிப்போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கால் போகும். கூடவே, 'கேக்காமப் பண்ணுனா பாரு' என்று காலத்துக்கும் ஒரு பேச்சு நிற்கும். அந்தப் பேச்சை அவள் தாங்கிக்கொள்வாள். நாளைக்கு மோனிஷாவே வளர்ந்து, "ஏம்மா என்ன அறுத்த?" என்று கேட்டால் என்ன சொல்வது?

சேலத்தில், அவர்களுடைய கம்பிக்கு நடுவில், கால் பட்டையெல்லாம் கட்டி நிறுத்தினால் மோனிஷா நேராக நின்றாள். பாதம் முழுசும் தரையில் பதிந்து, முட்டி நீண்டு, நடுங்கிக்கொண்டாவது நின்றாள். அன்றைக்குத் தேவிப்ரியா பஸ்ஸில் வீடு வரும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் கம்பியில் நிறுத்தினால் அதே பிள்ளை குனிந்தாள். கம்பியைப் பிடித்த நொடியில் இடுப்பு மடங்கும், பிறகு முட்டி, பிறகு குதிகால் மேலே ஏறும். பழைய நிற்பு அப்படியே வந்துவிடும். "நிமுந்து நில்லு" என்பாள் தேவிப்ரியா. நிமிர்ந்தால் கை கம்பியை விட்டுவிடும், கை விட்டால் விழுந்துவிடுவாள். ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. சேலத்தில் நேர், வீட்டில் கோணல். முட்டியை நீட்டிப் பார்த்த தீனதயாளன், "லேசா இறுக ஆரம்பிக்குதுங்களே, வீட்டுல ஒழுங்காச் செய்யறீங்களா?" என்று கேட்டார். தேவிப்ரியாவுக்குத் தலையில் கல்லைப் போட்டாற்போல் ஆயிற்று.

அன்று சாயங்காலம் வெறியோடுதான் பிள்ளையைக் கம்பியில் நிறுத்தினாள்.

"நிமுரு."

"எட்டலம்மா."

"அங்க மட்டும் எட்டுது, இங்க எட்டலையா? நிமுருடி!"

"கம்பி எட்டலம்மா..."

"பொய் சொல்றியா?" தொடையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டாள். தழும்பு ஆறின இடம் அது.

மோனிஷா அழவில்லை. அதுதான் கொடுமை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். தேவிப்ரியாவுக்குக் கை எரிந்தது. அந்த வாசலில் அவளைத் தடுக்கவும் ஆளில்லை, நீ செய்தது தப்பு என்று திட்டவும் ஆளில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு, "தெரியாம அடிச்சுட்டேன் சாமி, தெரியாம அடிச்சுட்டேன்" என்று அவள்தான் அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியபிறகுதான் புத்தி வந்தது. எட்டவில்லை என்று பிள்ளை ஏன் சொல்ல வேண்டும்? மகளை வீட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நிறுத்தி, முட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் கை தொங்குகிற இடத்தில் அடுப்புக்கரியால் கோடு போட்டாள். தரையிலிருந்து கோடுவரைக்கும் சாண் போட்டு அளந்தாள். ஓடிப்போய்க் கம்பியை அளந்தாள்.

கம்பி ஒரு சாண் குட்டையாக இருந்தது.

ஐயோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். 'நில்லு சாமி' என்று சிவபிரகாஷ் நிறுத்தி அளந்தபோது பிள்ளை எப்படி நின்றாள்? மடங்கித்தானே நின்றாள்! மடங்கின பிள்ளைக்கு அளந்து, மடங்கின உயரத்துக்கு வெட்டி, அசையவே அசையாதபடி சிமெண்ட் போட்டு இறுக்கிவிட்டுப் போய்விட்டான். நீண்ட பிள்ளை அந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டுமானால் மறுபடி மடங்கித்தான் ஆக வேண்டும். தினமும் காலையும் மாலையும் அந்த மடக்கத்தைத்தான் அவளே முன்னால் நின்று பழக்கியிருக்கிறாள்.

பட்டறை வைத்திருக்கிற கோகுல்ராஜைக் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டினாள். சிவபிரகாஷிடம் தொழில் கற்றவன். கம்பியை ஆட்டிப் பார்த்து, அது ஆடாததில் அவனுக்கே ஒரு பெருமை.

"அறுத்து ஒசத்திரலாமுங்க்கா. ஆனா அண்ணன் ஊண்டுனது. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க, தொடறேன். கேக்காமத் தொட்டா என்னைய ஊட்டுப்பக்கம் சேக்க மாட்டாருங்க."

போன் போட்டாள். நாலாவது தடவை கிடைத்தது. "ஏனுங்க, அந்தக் கம்பி..." என்று ஆரம்பித்தாள்.

"கம்பியில நிக்கறாளா?" அந்தப் பக்கம் குரலில் அப்படியொரு சந்தோசம். எத்தனை மாதத்துக்கு அப்புறம் கேட்கிற குரல் அது! "பாத்தியா, நான் சொன்னனா இல்லையா? கம்பிதான் புள்ள வேலை செய்யும். நீதான் கேக்கல. நாள் முச்சூடும் கம்பியிலயே நிறுத்து. ஏ, அந்தக் குழாயப் புடிங்கடா! சரி வெக்கிறேன்."

வைத்துவிட்டான். உன் கம்பிதான் பிள்ளையை மறுபடி வளைக்கிறது என்று அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஆபரேசன் சண்டை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குள் இன்னும் ஒரு வாரம் போகும், முட்டி இன்னும் இறுகும். கையில் போனை வைத்துக்கொண்டு கம்பியையே பார்த்து நின்றாள். கம்பியை உயர்த்தத்தானே அவன் வேண்டும்? தரையை இறக்க யாரைக் கேட்க வேண்டும்?

மறுநாள் காலையில் கடப்பாறையும் மம்பட்டியுமாக இறங்கிவிட்டாள். சுக்கான்கல் கலந்த மண், லேசில் விடுகிற மண்ணா? உள்ளங்கை கொப்புளித்தது. கொப்புளத்தில் துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள். மோனிஷா நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மா, தண்ணி வந்துருச்சா?" என்று கேலி செய்தாள். அடித்ததை அவள் மறந்திருந்தாள், அல்லது மறந்த மாதிரி இருந்தாள். இரண்டு கம்பிக்கும் நடுவில், கம்பியின் நீளத்துக்கு, ஒரு சாண் ஆழம். இரு முனையிலும் பிள்ளை இறங்கி ஏறச் சரிவு. அடித்தளத்தைத் திமிசுக்கட்டையால் இறுக்கி, மேலே பழைய ரப்பர் பாயை விரித்தாள்.

வேலை முடிந்து மண்மேட்டில் உட்கார்ந்திருந்தபோது மஞ்சுளா வந்தாள். மோப்பம் பிடிப்பதில் அவளுக்கு இணை கிடையாது. பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆள் நீளத்துக்குக் குழி, பக்கத்தில் புது மண் குவியல், மண்வெட்டியோடு தாய், நாற்காலியில் பிள்ளை.

"அடிப்பாவி! யாருக்குடி இது?"

"பயிற்சிக்குங்க்கா. கம்பி தாழ்ந்து போச்சு..."

"வாசல்ல குழி வெட்டுவாங்களாடி? உசுரோட இருக்கற புள்ள முன்னால, அதும் அந்த நீளத்துக்கு! உனக்குக் கிறுக்குத்தான் புடிச்சுருச்சு." வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, கடலைக்காட்டில் செடி மிதிபடுவதுகூடத் தெரியாமல் ஓடினாள்.

அன்றிலிருந்து அந்த வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. பால்காரர்கூட வேலியோரத்திலேயே பாலை ஊற்றிவிட்டுத் திரும்பினார். அதிலென்ன புதுசு, முன்பு மட்டும் கூட்டமா அலைமோதியது என்று தேவிப்ரியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, சாயங்காலம் டி.வி.யில் வருகிறவர்கள் வணக்கம் சொன்னால் அவளும் பதிலுக்கு வணக்கம் சொன்னாள்.

ஆனால் பள்ளத்தில் பிள்ளை நிமிர்ந்தாள். அதுபோதும். முதல்நாளே கை கம்பியில் சரியாக உட்கார்ந்தது, இடுப்பு நேரானது, பாதம் பாயில் முழுசாகப் பதிந்தது. நாளுக்கு நாள் நடுக்கம் குறைந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நடை, வியர்த்து வழிய. முட்டியைப் பார்த்த தீனதயாளன், "இப்பத்தான் சரியாப் போகுதுங்க. என்ன மாத்துனீங்க?" என்றார். தேவிப்ரியா சிரித்தாள். குழி வெட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

சிவபிரகாஷின் போன் வந்தது. வணக்கமில்லை, விசாரிப்பில்லை.

"கம்பிக்கு நடுவுல குழி வெட்டியிருக்கியாமே?"

மஞ்சுளாவின் வேலை. தேவிப்ரியாவுக்கு விளக்கிச் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி கோபம் வந்தது. இத்தனை மாதம் கட்டும் அழுகையுமாக ஒருத்தி கிடந்தபோது ஒரு வார்த்தை கேட்காத மனுசன், குழி என்றதும் கூப்பிடுகிறான்.

"ஆமாங்க. வெட்டியிருக்கேன்."

"எதுக்கு?"

"வந்து பாருங்க."

அவன் போனை வைத்தான். அப்புறம் போனே இல்லை. ஆனி முழுக்க அந்த வீட்டில் மோனிஷாவின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. "அப்பா கோவமாம்மா?" என்று அவள் கேட்டால், "டவர் இல்லாத காட்டுல இருக்காரு சாமி" என்பாள். பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

ஆடிப் பண்டிகைக்கு, எங்கள் பக்கத்து நோம்பிக்கு, ரிக் ஊர் திரும்பியது. சிவபிரகாஷ் தோளில் பையோடு வந்தவன் வீட்டுக்குள் நுழையவில்லை. நேராகக் குழிக்குப் போனான். அப்போது மோனிஷா உள்ளேதான் நின்றிருந்தாள். தேவிப்ரியா நிலைப்படியில் நின்றுகொண்டாள்.

அவன் பிள்ளையைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். கம்பியில் இருந்த கையைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். அதை நம்ப முடியாதவன் மாதிரிக் குனிந்து முட்டிக்குப் பின்னால் கை கொடுத்துப் பார்த்தான். மடக்கமில்லை.

"எதுக்கு சாமி பள்ளம்?" என்றான். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மோனிஷா நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னாள்.

"நீங்க அளந்தப்ப நான் மடங்கியிருந்தேனுங்கப்பா. இப்ப நீண்டுட்டேன். கம்பி நீளல. அதான் அம்மா பூமியக் கீழ எறக்கிட்டா."

சிவபிரகாஷ் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். பை தோளிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது, அதை எடுக்கவில்லை. யாரிடம் என்றில்லாமல், "நிமுந்து நிக்கச் சொல்லி அளந்திருக்கோணும்" என்றான்.

"அப்ப அவளால நிமுர முடியாதுங்க" என்றாள் தேவிப்ரியா.

"நிமுருவான்னு நெனச்சு அளந்திருக்கோணும்." கம்பியின் அடியிலிருந்த சிமெண்டைக் கையால் தட்டினான். "பெத்தவன் நானே நெனைக்கல பாரு. இவ இப்படித்தான்னு சிமெண்ட் போட்டுட்டுப் போயிட்டேன். நீ ஒருத்தியாக் கெடந்து..."

அவ்வளவே அவளுக்குப் போதுமாயிருந்தது. அவன் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. வாசலில் எப்படிப் பிடிப்பது? காப்பி வைக்க உள்ளே போனாள். பால் பொங்கி வழிகிறவரை அங்கேயே நின்று அழுதாள்.

நோம்பிக்கு இருந்த நாளிலேயே கம்பியை அறுத்தான். இந்தத் தடவை நேராக வெட்டிப் பற்றவைக்கவில்லை. ராடுக்குள் ராடு நுழைத்து, துளை போட்டு, ஆணி மாட்டுகிற மாதிரி செய்தான். "வளர வளர ஆணியக் கழட்டி மேல ஏத்திக்கலாம் புள்ள" என்று இரண்டு தடவை மாட்டிக் கழற்றிக் காட்டினான். மஞ்சுளா வேலிப்பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே நெனச்சேன், கம்பிதான் தாழ்வுன்னு" என்றாள். இவளை என்ன செய்வது?

பள்ளத்தை மூட அவன் மம்பட்டியை எடுத்தான். தேவிப்ரியா வாங்கிக்கொண்டாள்.

"நான் வெட்டுனது. நானே மூடிக்கறேனுங்க. நீங்க வண்டி வேலையப் பாருங்க."

அவன் பட்டறைக்குப் போனபிறகு ஒருத்தியாக மண்ணைத் தள்ளினாள். ஒவ்வொரு தட்டாகப் போட்டுத் திமிசு போட்டு இறுக்கினாள். அந்தப் பள்ளத்தில் அவளுடைய ஒரு கோடைகாலம் கிடந்தது. மூடி முடித்தபோது அப்பாடா என்று இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

மறுநாள் மழை பிடிக்காத பக்கமாக ரிக் கிளம்பியது. எப்போதும்போல் அவன் விடியலிலேயே வண்டி நிற்கிற யார்டுக்குப் போய்விட்டான். இனி அடுத்த மழைக்குத்தான் வருவான். தேவிப்ரியா மோனிஷாவுக்குக் கால் பட்டை கட்டி, மூடின மண்ணின்மேல், உயர்த்தின கம்பிக்கு நடுவில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுக்கத் திரும்பும்போது ரோட்டில் ஆரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு.

தேவிப்ரியா வேலிக்கு ஓடவில்லை. வழக்கமான பொய்யைச் சொல்ல வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, வண்டி தெரியுதும்மா!"

தேவிப்ரியா திரும்பிப் பார்த்தாள். பள்ளம் மூடின இடத்தில், நிமிர்ந்து நின்ற பிள்ளையின் கண் வேலியின் இலைக்கு மேலே இருந்தது. ரோட்டில் ரிக் வேகம் குறைத்தது. அந்த வேலிக்கு மேலே இத்தனை நாளாக ஒரு தலையையே பார்த்தவன் இன்றைக்கு இரண்டாவதாக ஒன்றைப் பார்த்துவிட்டான். சன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது, பிறகு தோள், பிறகு பாதி உடம்பு. கூட இருந்த பையன்கள் சிரித்தார்களோ என்னவோ, அவன் விடாமல் கை ஆட்டினான்.

மோனிஷா வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். தேவிப்ரியாவுக்கு ஓடிப் பிடிக்கக் கால் எழுந்தது, அப்படியே நின்றுகொண்டாள். பிள்ளை ஆடினாள், ஆனால் விழவில்லை. ஒற்றைக் கையில் நின்று மற்றக் கையை வண்டி மறைகிறவரை ஆட்டினாள்.

"நீ சொல்லுவியே, அதே மாதிரியே ஆட்டறாரும்மா" என்றாள்.

"ஆமா சாமி" என்றாள் தேவிப்ரியா.